ரிலே காயிலுக்கு டயோடு மட்டும் போதுமா?

பவர் ஆம்புக்கு முன்னால் நிற்கும் ப்ரீஆம்ப் ஒன்றைக் கட்டி முடித்த அன்று இரவே குறை தெரிந்துவிட்டது. அதில் இன்புட்டை மாற்றுவது ரிலே, அதாவது காயிலில் கரண்ட் ஓடினால் காந்தமாகிக் கான்டாக்டை இழுக்கும், கரண்ட் நின்றால் விடும் சுவிட்ச். இன்புட் செலக்டர் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் இடது ஸ்பீக்கரில் ஒரு 'டிக்'. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் காதில் படாது. இரண்டு பாட்டுக்கு நடுவே, வீடு அமைதியாக இருக்கும்போது, நகத்தால் மேசையைச் சுண்டியது போலக் கேட்கும். தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே கேள்விதான்: "காயிலுக்குக் குறுக்கே டயோடு போட்டாயா?" போட்டிருந்தேன். டயோடு கரண்டை ஒரு பக்கம் மட்டுமே விடும் பாகம்; அதைச் சரியான திசையில்தான் போட்டிருந்தேன்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் ஜீனர், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் மாற்றி மாற்றி சால்டர் செய்து பார்த்தேன். ரிலேக்கு எது நல்லது என்று ஒரே பதில் கிடையாது என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரே ஆடியோ செட்டுக்குள் இருக்கும் ரிலேக்கள் ஒரே வேலையைச் செய்வதில்லை. இன்புட்டைத் தேர்ந்தெடுப்பது ஒன்று, வால்யூமைக் கூட்டிக் குறைப்பது ஒன்று, மியூட் செய்வது ஒன்று, ஆம்ப் செத்தால் ஸ்பீக்கரைக் காப்பாற்றுவது ஒன்று. ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு வினையாகிவிடுகிறது.

எதை அடக்கப் பார்க்கிறோம்

சதுர நீலப் பெட்டியாக எல்லாக் கடையிலும் கிடைக்கும் 12 வோல்ட் ரிலேயை எடுத்துக்கொள்வோம். காயில் 400 ஓம். 30 மில்லி ஆம்பியர் இழுக்கும். இன்டக்டன்ஸ், அதாவது கரண்ட் மாறுவதைக் காயில் எதிர்க்கும் குணம், எவ்வளவு என்று டேட்டாஷீட்டில் பெரும்பாலும் போடமாட்டார்கள். கணக்குக்கு 0.4 ஹென்றி என்று வைப்போம். அப்படியென்றால் காயிலில் தேங்கியிருக்கும் சக்தி 0.18 மில்லி ஜூல்.

கேட்டால் அற்பமாகத்தான் தெரியும். ஆனால் ரிலேயை ஓட்டும் டிரான்சிஸ்டர் ஆஃப் ஆன நொடியில் அந்தச் சக்திக்குப் போக்கிடம் வேண்டும். காயிலின் சுற்றுகளுக்கு இடையே தானாக அமைந்திருக்கும் 100 பிகோஃபாரட் போன்ற சிறு கெப்பாசிட்டன்ஸ் மட்டுமே போக்கிடம் என்றால், வோல்டேஜ் ஏட்டளவில் 1,900 வரை ஏறும். நிஜத்தில் அவ்வளவு தூரம் போகாது, அதற்குள் டிரான்சிஸ்டர் விட்டுக்கொடுத்துவிடும். இந்த வேலைக்குப் பலரும் போடும் பிசி547 டிரான்சிஸ்டர் தாங்குவது 45 வோல்ட். பிசி548 என்றால் வெறும் 30. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஒரே டப்பாவில் கலந்தும் கிடக்கும்.

இப்படி ஏறும் வோல்டேஜால் பறக்கும் பொறியை முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் ஜோசப் ஹென்றி. நீண்ட கம்பியை பேட்டரியிலிருந்து எடுக்கும்போது பொறி பறப்பதைப் பற்றி 1832இல் எழுதினார். மின்காந்த ரிலேயை முதலில் செய்தவர்களிலும் அவர் ஒருவர். நோயையும் நோய்க்காரனையும் ஒருவரே காட்டிக்கொடுத்திருக்கிறார். இன்டக்டன்ஸின் அலகுக்கு அவர் பெயர் வைத்தது நியாயம்தான்.

மோட்டார் ஓட்டுகிற ரிலே என்றால் டிரான்சிஸ்டர் பிழைத்தாலே போதும். ஆடியோவில் அது பாதி வேலை. காயிலுக்கும் கான்டாக்டுக்கும் இடையே எந்த ரிலேயிலும் ஓரிரு பிகோஃபாரட் இருக்கும். 2 பிகோஃபாரட் என்றே வைத்துக்கொண்டாலும், காயில் முனை ஒரு மைக்ரோசெகண்டில் 300 வோல்ட் தாவினால் 0.6 மில்லி ஆம்பியர் கான்டாக்ட் பக்கம் குதித்துவிடும். 10 கிலோ ஓம் சர்க்யூட்டில் அது 6 வோல்ட். நம் சிக்னலே 2 வோல்ட்தான். நேரம் மிகக் குறைவு என்பதால் அதை அப்படியே காது கேட்காது. ஆனால் அடுத்து நிற்கும் ஆப்ஆம்ப், சிக்னலைப் பெருக்கும் ஐசி, அதில் தடுமாறி, காதுக்குக் கேட்கிற ஒரு 'டிக்'காக மாற்றிக் கொடுத்துவிடும்.

டயோடு, அதன் நல்லதும் கெட்டதும்

காயிலுக்குக் குறுக்கே, கோடு போட்ட முனை பிளஸ் 12 பக்கம் பார்க்கும்படி ஒரு டயோடு. டிரான்சிஸ்டர் ஆஃப் ஆனதும் காயில் கரண்ட் டயோடு வழியாகத் தனக்குள்ளேயே சுற்றிச் சுற்றி அடங்கும். டிரான்சிஸ்டர் காயிலைத் தொடும் முனையான கலெக்டர் 12.7 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. விலை சில்லறைக் காசு. 1என்4148 போதுமா, 1என்4007 வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். டயோடு வழியே ஓடும் உச்சக் கரண்ட் காயில் கரண்டுதான், அதாவது 30 மில்லி ஆம்பியர். 1என்4148 தாராளம். 1என்4007 மெதுவான டயோடு என்பது உண்மைதான், ஆனால் அது மூடும்போதுதான் மெதுவு, திறக்கும்போது இல்லை. ரிலேயை நொடிக்கு ஆயிரம் தடவை தட்டப் போவதில்லை என்றால் கையில் இருப்பதைப் போடலாம்.

டயோடின் குறை நேரம். காயிலில் 0.7 வோல்ட் மட்டுமே எதிர்த்து நிற்பதால் கரண்ட் நிதானமாக வடியும். 30 மில்லி ஆம்பியர் 6 ஆகக் குறைந்ததும் ரிலே விடும் என்று வைத்தால், நம் காயிலுக்கு 1.4 மில்லி செகண்ட் ஆகிறது. கார்களில் வரும் பெரிய ரிலேயில் இன்னும் மோசம். ரிலே தயாரித்த டைக்கோ நிறுவனம் (இன்று டிஇ கனெக்டிவிட்டி) வெளியிட்ட பழைய குறிப்பு ஒன்றில் அளந்தே காட்டியிருக்கிறார்கள்: எதுவும் போடாமல் விட்டால் 1.5 மில்லி செகண்டில் விடும் ரிலே, டயோடு மட்டும் போட்டதும் 9.8 மில்லி செகண்ட் எடுத்துக்கொண்டது. டயோடோடு 24 வோல்ட் ஜீனரும் (அந்த வோல்டேஜைத் தாண்டினால் எதிர்த்திசையிலும் கடத்தும் டயோடு) சேர்த்தால் 1.9. தாமதம்கூடப் பரவாயில்லை. ஆர்மேச்சர், காயிலின் காந்தம் இழுக்கும் இரும்புத் தகடு, தயங்கித் தயங்கி நகர்வதுதான் உண்மையான கேடு. கான்டாக்ட் வெடுக்கென்று பிரியாமல் மெல்லப் பிரிந்தால், அதில் பெரிய கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆர்க் (இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்பொறி) நீளும், முனை உருகி ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு "டயோடு போடாதே, ரிலே ஆயுசு போய்விடும்" என்று சிலர் எல்லா ரிலேக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். இன்புட் செலக்டர் கான்டாக்டில் ஓடுவது மைக்ரோ ஆம்பியர் கணக்கு. அங்கே ஆர்க் எங்கிருந்து வரும்?

ஜீனர் சேர்த்தால்

டயோடோடு தொடராக 24 வோல்ட் ஜீனர் ஒன்று, திசை மாற்றி. இப்போது காயிலை எதிர்ப்பது 0.7 அல்ல, 24.7 வோல்ட். அதே 30லிருந்து 6க்கு வர 0.3 மில்லி செகண்ட் போதும். விலை என்று பார்த்தால் கூடுதலாக ஒரு சின்ன ஜீனர், 0.18 மில்லி ஜூலுக்கு 400 மில்லி வாட் ஜீனரே அதிகம். ஆனால் கலெக்டர் இப்போது 36.7 வோல்ட் வரை தாவும். பிசி547 தாங்கும், பிசி548 தாங்காது. சந்தேகம் இருந்தால் 65 வோல்ட் தாங்கும் பிசி546 வாங்குங்கள், அதே விலைதான்.

ஆடியோக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. தாவல் 12.7லிருந்து 36.7 ஆனால், கான்டாக்ட் பக்கம் குதிக்கும் கிளிக்கும் ஏறக்குறைய மூன்று மடங்கு. வேகமாக விடுகிற ரிலே சத்தமான ரிலே. சின்ன சிக்னல் ரிலேயில் ஜீனர் போடுவது பணம் கொடுத்து 'டிக்' வாங்குவது மாதிரி.

ஜீனரை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் கிரவுண்டைத் தொடும் முனையான எமிட்டருக்கும் குறுக்கே 36 வோல்ட் ஜீனர் ஒன்றை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பல சர்க்யூட்டுகளில் பார்க்கலாம். டிரான்சிஸ்டர் பிழைக்கும், சந்தேகமில்லை. ஆனால் காயில் வடிகிற கரண்ட் இப்போது ஜீனர் வழியாகக் கிரவுண்டுக்குப் போய், கிரவுண்ட் வழியாக சப்ளைக்குத் திரும்பி, அங்கிருந்து காயிலுக்கு வருகிறது. அதாவது போர்டு முழுக்க ஒரு ஊர்வலம். காயில் முனைகளிலேயே டயோடும் ஜீனரும் இருந்தால் அந்தக் கரண்ட் ஒரு விரற்கடைச் சுற்றுக்குள் அடங்கிவிடும். டிரான்சிஸ்டருக்குப் பதில் மாஸ்ஃபெட் போட்டு, வோல்டேஜ் எல்லை தாண்டினால் தானே கடத்தும் அதன் அவலாஞ்சை நம்பி எதுவும் போடாமல் விடுபவர்களுக்கும் இதே பிரச்சினைதான்.

ஜீனருக்குப் பதில் டிவிஎஸ் போடலாம். நம் ஊரில் டிவிஎஸ் என்றதும் மொபெட்தான் நினைவுக்கு வரும். இது வேறு, ஸ்பைக்கை, அதாவது திடீர் வோல்டேஜ் தாவலை, விழுங்குவதற்கென்றே செய்த டயோடு. இரு திசை டிவிஎஸ் என்றால் திசை பற்றிய கவலை இல்லை, ஒரே பாகத்தில் வேலை முடியும். மின்னல் அடித்தாலும் தாங்கட்டும் என்று செய்யப்பட்டது, 30 மில்லி ஆம்பியர் அதற்குக் கொசுக்கடி. வாங்கும்போது மட்டும் கவனம்: 24 வோல்ட் என்று பெயர் போட்ட டிவிஎஸ் 24இல் வேலையைத் தொடங்காது. அது சும்மா இருக்கும் வோல்டேஜ். கடத்தத் தொடங்குவது 27, 28 வோல்ட்டுக்குப் பக்கத்தில்.

ரெசிஸ்டரும் ஆர்சியும்

டயோடோடு தொடராகக் காயில் அளவுக்கே ஒரு ரெசிஸ்டர், நம் கணக்கில் 390 ஓம், வைப்பது நடுவழி. கலெக்டர் 24 வோல்ட் பக்கம் போய் நிற்கும். விடும் நேரம் 0.75 மில்லி செகண்ட், டயோடுக்குப் பாதி. பெட்டியில் ஜீனர் இல்லாத நாளில் நல்ல மாற்று. டயோடே இல்லாமல் வெறும் ரெசிஸ்டர் வைத்தால் ரிலே ஆன் ஆகியிருக்கும் நேரமெல்லாம் அது கரண்டைத் தின்றுகொண்டிருக்கும், சூடும் சேரும். வேண்டாம்.

ஆர்சி என்றால் 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக என்று எல்லோருக்கும் மனப்பாடம். அது ஏசி சர்க்யூட்டிலிருந்து வந்த பழக்கம். நம் காயிலில் 0.1 மைக்ரோஃபாரட் போட்டால் ஸ்பைக் கிட்டத்தட்ட 60 வோல்ட் வரை போகும், பிசி547 அவ்வளவுதான். 1 மைக்ரோஃபாரட் போட்டால் 20க்குப் பக்கத்தில் அடங்கும். ஆனால் ரிலே ஆன் ஆகும்போது அந்தக் கெப்பாசிட்டர் 100 ஓம் வழியே 120 மில்லி ஆம்பியரை ஒரே மூச்சில் இழுக்கும். 30 மில்லி ஆம்பியர் ரிலேயின் கிளிக்கைக் குறைக்கப் போய், நான்கு மடங்கு கரண்ட் உதையை சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் கொடுத்த கதை.

அதைவிடப் பெரிய தப்பு, ஆர்சியைக் காயிலில் போடாமல் கான்டாக்டுக்குக் குறுக்கே போடுவது. மோட்டார் சுவிட்சில் அதுதான் சரி. ஆடியோ கான்டாக்டில் 0.1 மைக்ரோஃபாரட் போட்டால் 1 கிலோஹெர்ட்ஸுக்கு அது 1.6 கிலோ ஓம். கான்டாக்ட் திறந்திருந்தாலும் பாட்டு உள்ளே வந்துகொண்டே இருக்கும். செலக்டரில் சிடியைத் தேர்ந்தெடுத்தால் பின்னணியில் ரேடியோ பாடும்.

எம்ஓவி, ஸ்பைக்கை விழுங்கும் இன்னொரு பாகம், பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 230 வோல்ட் மெயின்ஸுக்கு நல்லது. 12 வோல்ட் காயிலுக்கு அதன் பிடி தளர்வு.

ஏழு ரிலேக்கு ஒரு ஐசி

யுஎல்என்2003 என்ற ஐசியில் ஏழு டார்லிங்டன் (இரண்டு டிரான்சிஸ்டரை ஒன்றாகச் சேர்த்தது) டிரான்சிஸ்டர்கள், ஒவ்வொன்றுக்கும் டயோடும் உள்ளேயே. ஒவ்வொன்றும் 500 மில்லி ஆம்பியர், 50 வோல்ட் தாங்கும். டயோடுகளின் மறுமுனைகள் எல்லாம் சேர்ந்து 9ஆவது பின்னில் வெளியே வரும். அதற்குப் பெயர் காம். இதை ரிலே சப்ளையான 12 வோல்ட்டில் இணைத்தால்தான் டயோடு வேலை செய்யும். சும்மா விட்டால் உள்ளே டயோடு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

சும்மா விட்டதுகூடப் பரவாயில்லை. நான் செய்தது அதைவிட அழகு. மைக்ரோகண்ட்ரோலருக்கு 5 வோல்ட், ரிலேக்கு 12 வோல்ட் என்று இரண்டு சப்ளை இருந்த போர்டில், தூக்கக் கலக்கத்தில் காம் பின்னை 5 வோல்ட்டில் கொடுத்துவிட்டேன். முதல் தடவை அழுத்தியதும் ரிலே 'டக்' என்று இழுத்தது. அடுத்த இன்புட்டை அழுத்தினால் அதுவும் இழுத்தது, முதலாவது விடவில்லை. நான்கையும் அழுத்தினால் நான்கும் பிடித்துக்கொண்டு நின்றன. மைக்ரோகண்ட்ரோலரின் பின்னைப் பார்த்தால் சுத்தமாகப் பூஜ்யம். ஐசி போய்விட்டது என்று மாற்றினேன். புது ஐசியிலும் அதே கூத்து. ப்ரோகிராமில் தப்பு தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

கடைசியில் மல்டிமீட்டரைக் காயிலின் இரு முனையில் வைத்தேன். ஆஃப் ஆன ரிலேயில் 6.3 வோல்ட். புதிர் அவிழ்ந்துவிட்டது. 12 வோல்ட்டிலிருந்து காயில் வழியாக, உள் டயோடு வழியாக, 5 வோல்ட்டுக்குக் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. 12இல் 5ம் டயோடின் 0.7ம் போக மீதி 6.3. அது ரிலேயை இழுக்கப் போதாது. இழுத்த ரிலேயைப் பிடித்துவைக்கத் தாராளம். ரிலேக்கள் இழுக்கக் கேட்பது நிறைய, பிடித்து நிற்கக் கேட்பது கொஞ்சம்.

இந்த ஐசியில் ஒரு வசதியும் உண்டு. காம் பின்னுக்கும் 12 வோல்ட்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஜீனர் வைத்தால் ஏழு ரிலேயும் வேகமாக விடும். குறை என்னவென்றால், ஐசி ஒரு மூலையில், ரிலேக்கள் பின்பக்க சாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் என்று இருந்தால் காயில் கரண்ட் அந்த நீளக் கம்பியெல்லாம் சுற்றி வரும். அப்படியான போர்டில் நான் ஐசிக்குள் டயோடு இருந்தாலும் ஒவ்வொரு காயிலுக்கும் தனியாக 1என்4148 போட்டுவிடுகிறேன்.

அந்த 'டிக்' எங்கிருந்து வந்தது

இவ்வளவையும் மாற்றிப் பார்த்தும் என் 'டிக்' போகவில்லை. காரணம், அது ஸ்பைக்கே இல்லை.

டயோடு போட்டதும் காயிலுக்குள் கரண்ட் நிதானமாக வடிவது உண்மை. ஆனால் டிரான்சிஸ்டரின் எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் கரண்ட் ஒரு மைக்ரோசெகண்டில் 30லிருந்து பூஜ்யம். எந்த டயோடும் இதை மாற்றாது. என் போர்டில் அந்த எமிட்டர் கிரவுண்டும் இடது சேனலின் கிரவுண்டும் ஒரே செம்புத் தடத்தில் நான்கு அங்குலம் சேர்ந்து பயணம் செய்தன. அந்தத் தடம் 20 மில்லி ஓம் என்று வைத்தாலும் 0.6 மில்லி வோல்ட் உதை. 2 வோல்ட் சிக்னலோடு ஒப்பிட்டால் 70 டெசிபல் கீழே. அமைதியான அறையில் கேட்கும். அந்தத் தடத்தில், ரெக்கார்ட் பிளேயரின் சின்ன சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜ் உட்கார்ந்திருந்தால் 40 டெசிபல் பெருக்கி 60 மில்லி வோல்ட்டாக்கிக் கொடுத்திருக்கும். தடத்தைக் கத்தியால் வெட்டி, ரிலே கிரவுண்டைத் தனி ஒயரில் சப்ளை வரை கொண்டுபோனதும் 'டிக்' நின்றது. ரிலே சப்ளையில் 47 ஓமும் 100 மைக்ரோஃபாரட்டும் சேர்த்தது அதற்கப்புறம் வந்த புத்தி.

ஒரே ஒரு இன்புட்டில் மட்டும் மொத்தையாக ஒரு 'டப்' மிச்சமிருந்தது. அதற்கும் காயிலுக்கும் சம்பந்தமே இல்லை. என்இ5532 ஆப்ஆம்பின் இன்புட்டில் சுமார் 200 நானோ ஆம்பியர் ஓடும். அது 100 கிலோ ஓமில் 20 மில்லி வோல்ட் டிசி. கான்டாக்ட் மாறும்போது அந்த 20 மில்லி வோல்ட் திடீரென்று பூஜ்யமாகும், அதுதான் 'டப்'. செலக்டருக்கும் ஆப்ஆம்புக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர், அதன் செலக்டர் பக்கம் கிரவுண்டுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டர். முடிந்தது.

அதனால் பாகம் வாங்கக் கிளம்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கான்டாக்டுக்கு வரும் ஆடியோ ஒயர்களைக் கழற்றி, ஆம்பின் இன்புட்டை 600 ஓமில் கிரவுண்ட் செய்துவிட்டு, ரிலேயை மட்டும் தட்டுங்கள். இப்போதும் கேட்டால் சத்தம் சப்ளை, கிரவுண்ட் வழி வருகிறது. கேட்கவில்லை என்றால் கான்டாக்ட் வழி. அதில் 'டப்' என்றால் டிசி, கூர்மையான 'டிக்' என்றால்தான் காயிலின் தாவல்.

எந்த ரிலேக்கு எது

இன்புட் செலக்டருக்கு நான் தேர்ந்தெடுப்பது டயோடுதான், தயக்கமே இல்லை. கூடவே காசு செலவில்லாத ஒரு சேர்க்கை. ரிலேயை ஓட்டும் பிசி547இன் பேஸுக்கு, அதாவது ஆன், ஆஃப் கட்டளை வரும் முனைக்கு, 10 கிலோ ஓம். கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே 10 நானோஃபாரட். ஆஃப் செய்யும்போது பேஸில் உள்ள 0.65 வோல்ட் அந்த 10 கிலோ ஓம் வழியே 65 மைக்ரோ ஆம்பியரைத்தான் வெளியே விடும்; அதனால், டிரான்சிஸ்டரே எடுத்துக்கொள்ளும் பேஸ் கரண்டை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், கலெக்டர் மில்லி செகண்டுக்கு 6.5 வோல்ட் என்ற நிதானத்தில் ஏறும். 12.7க்குப் போய்ச் சேர 2 மில்லி செகண்ட். 2 பிகோஃபாரட் வழியே இப்போது குதிப்பது 13 நானோ ஆம்பியர். 10 கிலோ ஓமில் 0.13 மில்லி வோல்ட். கிரவுண்ட் கரண்டும் வெட்டென்று நிற்காமல் சரிந்து இறங்கும். ஸ்கோப்பில் பார்த்தால் சுவர் மாதிரி இருந்த கோடு சாய்வுப் பாலமாகியிருக்கும். யுஎல்என்2003இல் இதைச் செய்ய முடியாது, பேஸ் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. நான்கு ரிலேக்கு நான்கு டிரான்சிஸ்டர் என்று போவதற்கு எனக்கு இந்தக் காரணமே போதும். காயிலும் சின்னதாக இருந்தால் நல்லது: பானாசோனிக் டிக்யூ2 வகையின் 12 வோல்ட் காயில் 1,028 ஓம், 11.7 மில்லி ஆம்பியர் மட்டுமே கேட்கும். அதன் காயிலுக்குத் திசை உண்டு, மாற்றிக் கொடுத்தால் இழுக்காது.

வால்யூம் ரிலேதான் எனக்கு மிகவும் பிடித்த புதிர். ஆறு ரிலே, ஒவ்வொன்றும் 1, 2, 4, 8, 16, 32 டெசிபல் குறைக்கும். 31லிருந்து 32க்குப் போக வேண்டும் என்றால் ஐந்து ரிலே விட வேண்டும், ஒன்று இழுக்க வேண்டும். விடுவது முந்திக்கொண்டால் ஒரு கணம் ஆறுமே விட்ட நிலை, அதாவது குறைப்பே இல்லாமல் முழு வால்யூம். பின்னிரவில் அது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவருக்குத் தெரியும். இழுப்பது முந்தினால் ஒரு கணம் ஆறும் பிடித்த நிலை, 63 டெசிபல் குறைப்பு. காதுக்கு ஒரு சிறு மௌனம். 32லிருந்து 31க்குத் திரும்பும்போதும் இதே கணக்குதான். ஆக இங்கே மெதுவாக விடுகிற ரிலேதான் நல்ல ரிலே. ஜீனர் போட்டு வேகம் கூட்டுகிறவர் முழு வால்யூம் வெடியை விலைக்கு வாங்குகிறார். டயோடின் சோம்பல் நமக்குச் சாதகம், ஆனால் அதை மட்டும் நம்பவும் கூடாது. இழுக்க வேண்டியதை முதலில் இழுத்துவிட்டு 5 மில்லி செகண்ட் கழித்து விட வேண்டியதை விடு என்று ப்ரோகிராமில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ரிலே இழுத்தால் சத்தம் கூடும் என்ற வகையில் கட்டியிருந்தால் எல்லாம் தலைகீழ். அப்போது முதலில் விட்டுவிட்டு, அப்புறம் இழுக்க வேண்டும்.

மியூட் ரிலேயில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். செட்டை ஆஃப் செய்தால் 'தொம்' என்று சத்தம். டயோடால் ரிலே தாமதமாக விடுகிறது, ஜீனர் போடு என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். டயோடு சேர்க்கும் தாமதம் 1.4 மில்லி செகண்ட். ரிலே சப்ளையில் 1,000 மைக்ரோஃபாரட் இருந்து, 400 ஓம் காயில் அதை வடித்து 3 வோல்ட்டுக்கு வந்தால்தான் ரிலே விடும் என்றால், அதற்கு அரை செகண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் ஆப்ஆம்பின் சப்ளை சரிந்து, சத்தம் வெளியே போய்விட்டிருக்கும். மாற்ற வேண்டியது கெப்பாசிட்டரை. அல்லது மெயின்ஸ் போனதை டிரான்ஸ்ஃபார்மரின் ஏசி பக்கமே பார்த்து ரிலேயை உடனே விடச் சொல்ல வேண்டும். டயோடு அதன் இடத்திலேயே இருக்கட்டும். லாட்ச்சிங் ரிலே, காயிலுக்கு ஒரு துடிப்பு கொடுத்தால் அப்படியே நிற்கும் வகை, இன்புட்டுக்கு அருமை. மியூட்டுக்குக் கூடாது: மின்சாரம் போனதும் தானாக மியூட் ஆக வேண்டிய இடத்தில் அது பழைய நிலையிலேயே நின்றுகொண்டிருக்கும்.

ஸ்பீக்கர் ரிலேக்கு மட்டும் நான் கட்சி மாறுகிறேன். பவர் ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 35 வோல்ட் டிசி நேரே ஊஃபருக்குப் போகும். 8 ஓம் ஊஃபரின் கம்பி 6 ஓம் என்றால் கிட்டத்தட்ட 6 ஆம்பியர். ரிலேயில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதே என்று நிம்மதியடையக் கூடாது; பக்கத்தில் 30 வோல்ட் டிசி என்றும் எழுதியிருக்கும். அதற்கு மேலே டிசி ஆர்க் தானாக அணையும் என்று நம்ப முடியாது, பிரிந்த கான்டாக்டுக்கு நடுவே எரிந்துகொண்டே இருக்கலாம். இங்கே ஆர்மேச்சர் வெடுக்கென்று பிரிய வேண்டும், கிளிக் சத்தம் கேட்டால் யார் கவலைப்படுகிறார்கள்? டயோடும் 24 வோல்ட் ஜீனரும்தான் சரி. அதோடு ஸ்பீக்கரை ரிலேயின் பொது முனையில் கொடுத்து, விட்ட நிலையில் தொடும் முனையைக் கிரவுண்ட் செய்துவிட்டால், ஆர்க் எரிந்தாலும் அது கிரவுண்டுக்குப் போய் சப்ளை ஃபியூஸைப் போக்கும், ஊஃபர் பிழைக்கும்.

கடையில் கட்டி விற்கும் ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டுகளில் நான் வாங்கிப் பார்த்தவை எல்லாவற்றிலும் வெறும் டயோடுதான் இருந்தது. மாற்றுவது ஐந்து நிமிட வேலை. டயோடின் ஒரு காலைத் தூக்கி, அந்த இடைவெளியில் ஜீனரைத் தொடராக வையுங்கள். டயோடு பழைய திசையிலேயே இருக்கட்டும், ஜீனர் அதற்கு எதிர்த்திசையில். இரண்டையும் ஒரே திசையில் வைத்தால் எதுவும் கெடாது, ஆனால் ஜீனரும் சாதாரண டயோடு போலவே நடந்துகொள்ளும். செய்த வேலை வீண். சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் ரிலேயை ஓட்டும் டிரான்சிஸ்டரின் எண்ணை ஒரு லென்ஸ் வைத்துப் படித்துவிடுங்கள். 548 என்று இருந்தால் முதலில் அதைக் கழற்றி 546 போட்டுவிட்டு, அப்புறம் ஜீனருக்கு வாருங்கள்.